பேசாத செவ்வாய்

மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் காற்சட்டைக்குக் கரை மடித்துத் தைக்க வேண்டுமென்றால் யோகாவிடம் போகலாம். அவசரமாக மட்டும் போகக் கூடாது. தையலுக்குப் பத்து நிமிடம், கதைக்கு அரை மணி நேரம் என்று ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். மீன்கடைக்கும் கைபேசி திருத்துகிற கடைக்கும் நடுவில் ஒரு தையல் மெசின், ஒரு நிலைக்கண்ணாடி, திரை தொங்கும் ஒரு மூலை, இவ்வளவுதான் அவளுடைய கடை. அளவெடுக்கக் குனிந்தாளென்றால் நிமிர்வதற்குள் உங்கள் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், மாமியாருக்கு முழங்கால் எப்படி, வீட்டில் சமைப்பது யார் என்று எல்லாம் கறந்துவிடுவாள். வந்தவர் வியட்நாம்காரரா, ஆப்கானியரா, ஆறடி உயர வெள்ளைக்காரரா என்ற பேதமெல்லாம் அவளிடம் இல்லை. அவளுடைய ஆங்கிலம் அந்தச் சந்தையிலேயே பொறுக்கி எடுத்தது. போதாத இடத்தைக் கையசைத்து நிரப்பிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் வருடத்தில் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வாயையும் பூட்டிக்கொள்வாள். ஆடி மாதத்து முதல் செவ்வாய். விடிய முழுகினதிலிருந்து பின்னேரம் விளக்கு வைக்கும்வரை ஒரு சொல் பேசமாட்டாள்.

அது பழைய நேர்த்திக்கடன். கணவர் ஆனந்தராஜா முதலில் தனியாக மெல்பேர்னுக்கு வந்துவிட்டார். அவருடைய அகதி விண்ணப்பம் மூன்று வருடம் இழுபட்டது. யோகா கொழும்பில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு தபால்காரனைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப் போனாள். மற்றவர்கள் அம்மனுக்குத் தேங்காய் உடைப்பதாக, தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொள்வார்கள். யோகா யோசித்துப் பார்த்தாள். தன்னிடம் இருப்பதிலேயே கொடுக்கக் கஷ்டமானது எது? பேச்சுத்தான். அதைக் கொடுப்பதாகச் சொன்னாள். ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்துக்குள், அவருக்கு விசா வந்தது. அதற்குப் பிறகு அம்மனுடன் பேரம் பேச இடமில்லை.

ஆனாலும் யோகா யோகாதானே. விரதம் வாய்க்குத்தான், விரலுக்கு இல்லை என்று தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். கைபேசி வந்த பிறகு அந்த ஒரு நாளில் அவள் அனுப்புகிற செய்திகளைப் படித்து முடிக்கவே கோயில் சமையல் குழுப் பெண்களுக்கு மறுநாள்வரை ஆகும்.

ஆனந்தராஜாவுக்கு அந்த நாளில் இரட்டை மனது. அந்த நேர்த்தி தன்னுடைய விசாவுக்காக வைத்தது என்பதால் அது முறிந்துவிடுமோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். குடியுரிமை எடுத்து, மூன்று தேர்தலில் வாக்குப் போட்டு, ஓய்வுபெறும் வயதும் நெருங்கிவிட்டது. இருந்தும் யோகா தவறி ஒரு சொல் பேசிவிட்டால் கான்பராவில் யாரோ ஓர் அதிகாரி அவருடைய கோப்பைத் திரும்ப எடுத்துத் தூசி தட்டுவார் என்பதுபோல நடந்துகொள்வார். மறுபக்கம், வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டுமே வீட்டில் கடைசிச் சொல் அவருடையது. அதை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அவளுக்குப் பிடிக்காத கதையாகப் பார்த்துச் சொல்லிச் சீண்டுவார். அவள் முஷ்டியைக் காட்டி மிரட்டிக்கொண்டே சிரிப்பாள். சிரிப்பு விரதக் கணக்கில் வராது.

போன வருடத்து ஆடி முதல் செவ்வாய் குளிரும் தூறலுமாக விடிந்தது. ஆனந்தராஜா டண்டினோங்கில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பின்னேர வேலை என்பதால் பத்து மணிக்குத்தான் எழும்பினார். யோகா சாமியறையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். குழப்பக் கூடாதென்று தேநீரை எடுத்துக்கொண்டு கார்க் கொட்டகைக்குள் போய்விட்டார். அங்கே அவருக்கு எப்போதும் ஏதாவது கழற்றிப் பூட்ட இருக்கும்.

யோகா சாமியறையால் வந்து, குசினி மேசையில் பூசணிக்காயைப் பாதி வெட்டினாள். நடுவில் கோயில் குழுவுக்கு ஒரு நீண்ட செய்தி எழுதி அனுப்பினாள். அடுத்ததை எழுதத் தொடங்கும்போதுதான் அது நடந்தது.

வலி ஒன்றும் இல்லை. அதுதான் பிறகு அவள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்ட விஷயம். பெருவிரல் கைபேசிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. எடுக்கச் சொன்னாள், எடுக்கவில்லை. கைபேசி வழுக்கி மேசைக்குக் கீழே விழுந்தது. கை விறைத்துப்போயிற்று என்று நினைத்து இடக்கையால் வலக்கையைத் தூக்கினாள். அது யாரோ வேறு ஆளுடைய கையைப் போலக் கனத்தது. எழும்பப் பார்த்தாள். வலது கால் பக்கத்தில் நிலம் இல்லை. இருந்த கதிரையிலேயே திரும்ப விழுந்தாள்.

அப்போதுதான் பயம் வந்தது. விரதமாவது ஒன்றாவது. ‘இஞ்சாருங்கோ’ என்று கூப்பிட வாயைத் திறந்தாள். சொல் தலைக்குள் முழுதாக இருந்தது. வாசல்வரை வந்தது. வெளியே வந்தது ‘ஆ’ என்ற சத்தம் மட்டும்.

இருபது நிமிடமோ அரை மணியோ கழித்துக் கொட்டகைக் கதவு திறந்த சத்தம் கேட்டபோது அவளுக்குப் போன உயிர் வந்தது. ஆனந்தராஜா கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் நுழைந்தார். யோகா மறுபடி முழுப் பலத்தையும் கூட்டி அந்தச் சத்தத்தை எழுப்பினாள். அவர் போக்குவரத்துப் பொலிஸ்காரன்போல இரண்டு கையையும் உயர்த்தினார்.

“ஷ்ஷ்! கதைக்காதையும்! இன்னும் ஆறு மணித்தியாலம்தானே. பொறுத்தது பொறுத்தீர், இதையும் பொறும்.”

அவள் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று ஆட்டினாள்.

“விளங்குது, விளங்குது. பூசணிக்காயை நான் தொடேல்லை. நீரே வெட்டும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

யோகா அந்தக் கதிரையில் இருந்து குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வேலைக்குப் போகிற நேரம் நெருங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். போனால் இரவு பத்தரைக்குத்தான் வருவார். மகள் தர்ஷனா சிட்னியில், கிரவீன் பக்கம். இன்று அம்மா பேசமாட்டாள் என்பதால் அவளும் கூப்பிடமாட்டாள். கடை பூட்டியிருந்தாலும் யாரும் தேடமாட்டார்கள், ஆடிச் செவ்வாய் என்று மீன்கடைக்காரருக்கே தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிப் பழக்கி வைத்திருக்கிறாள், இன்று என்னிடம் யாரும் ஒரு சொல்லும் எதிர்பார்க்க வேண்டாமென்று. தன் வாயாலேயே தனக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள்.

ஆனந்தராஜா வேலை உடுப்போடு வந்தார். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். சப்பாத்தைக் கட்டினார். கார்ச் சாவியும் கையுமாக வாசலுக்குப் போனவர், வருடத்தில் ஒருமுறை கிடைக்கிற சந்தர்ப்பத்தை வீணாக்க மனமில்லாமல் திரும்பினார்.

“சொல்ல மறந்திட்டன். உம்மட தங்கச்சி சுஜீவா சுடுற தோசை மாதிரி இந்த மெல்பேர்னிலேயே இல்லையெண்டு இண்டைக்கு வேலையில எல்லாருக்கும் சொல்லப்போறன்.”

சுஜீவாவின் தோசையைத் தின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும். அதைத் தின்ன ஒரு பல் வைத்தியரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யோகாவுக்கு உயிர் போகிற நேரத்திலும் சிரிப்பு வந்தது. அவள் சிரித்தாள்.

தன் முகம் எப்படி இருந்ததென்று அவளுக்குத் தெரியாது. அவருடைய முகத்தைத்தான் கண்டாள். தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிக்கிற மனிதர் சிரிப்பதைப் பாதியில் நிறுத்தினார். சாவி கையிலிருந்து விழுந்தது. இரண்டு எட்டில் அவள் முன்னால் வந்து முழங்காலில் இருந்தார்.

“இன்னொருக்காச் சிரியும்.”

சிரித்தாள். இடது பக்க வாய் மேலே போனது. வலது பக்கம் போகவில்லை. அவருடைய பண்டகசாலைச் சாப்பாட்டு அறையில், தேநீர்க் கொதிகலனுக்கு மேலே, பாரிசவாதம் என்கிற பக்கவாதத்துக்கு அடையாளமாக அப்படி ஒரு முகத்தின் படம் ஒட்டியிருக்கிறது. ஆறு வருடமாகத் தண்ணீர் கொதிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“ரெண்டு கையையும் தூக்கும்.”

ஒன்று எழுந்தது.

“ஒரு சொல்லுச் சொல்லும், யோகா. ஏதாவது. அம்மாளாச்சி கோவிச்சா நான் பாக்கிறன்.”

அவளுக்கு அந்த நேரத்தில் அவர்மேல் வந்த அன்பைச் சொல்லி முடியாது. சொல்ல வாயும் இல்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது. அவர் அவசர உதவிக்கான மூன்று சைபரை அழுத்தினார்.

எங்கள் ஆட்களுடைய வழக்கம் அதுவல்ல. முதலில் மகளுக்கு எடுப்போம். மகள் ஒரு தமிழ் டாக்டரைக் கேட்பாள். டாக்டர் நோயாளி பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் யாராவது ஒருவர் இஞ்சிக் கோப்பி வைப்பார். ஆனந்தராஜா அன்றைக்கு அந்த வரிசையைத் தாண்டி நேரே எடுத்தார் என்பதற்காகவே அவருடைய மற்றக் குற்றங்களையெல்லாம் மன்னிக்கலாம் என்பது யோகாவின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

கைபேசியைச் சத்தமாக வைத்திருந்ததால் மறுமுனைப் பெண்ணின் குரல் அவளுக்கும் கேட்டது. அவசரமே இல்லாத குரல். பேச முடிகிறதா என்று கேட்டாள்.

“இன்றைக்குப் பேசமாட்டார். கடவுளுக்காக” என்றார் ஆனந்தராஜா தன் ஆங்கிலத்தில்.

அந்தப் பெண்ணுடைய கேள்விப் பட்டியலில் அதற்குப் பெட்டி இருந்திருக்காது.

“சரி. சிரிக்கச் சொன்னீர்களா?”

“பாதிதான் சிரிக்கிறார்.”

“ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது. நீங்கள் லைனிலேயே இருங்கள். குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்க வேண்டாம். தண்ணீர்கூட வேண்டாம், விழுங்குவது சரியாக இருக்காது. முன்கதவைத் திறந்து வையுங்கள். அவர் பாவிக்கிற மருந்தெல்லாம் எடுத்து வையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.”

தேநீருக்குக் கேத்தலில் கை வைத்தவர் கையை எடுத்துவிட்டார். பிரஷர் குளிசைப் பெட்டியைக் கொண்டுவந்தார். யோகாவுக்கு ஒரே ஒரு குறை. பூசணிக்காய்க் கறை படிந்த பழைய வீட்டுச் சட்டையோடு இருக்கிறாள், வெளியாட்கள் வரப்போகிறார்கள். கண்ணால் உடுப்பு அலுமாரியைக் காட்டினாள். அவருக்கு விளங்கியது. எழும்பியும் விட்டார்.

“எங்கே போகிறீர்கள்?” என்றது குரல், காலடிச் சத்தத்தைக் கேட்டு.

“உடுப்பு மாற்ற…”

“வேண்டாம். அவர் அழகாகத்தான் இருப்பார். பக்கத்தில் இருங்கள்.”

முகம் தெரியாத அந்தப் பெண்ணின் பெயரை யோகா இன்றுவரை அறியவில்லை. சாமிக்குப் பூ வைக்கும்போது அவளுக்கென்று ஒரு பூ வைக்கிறாள். பெயர் தெரியாத தெய்வங்களுக்கு வைப்பதில்லையா, அதுபோலத்தான்.

ஒன்பது நிமிடத்தில் வந்தார்கள். தாடி வைத்த உயரமான ஒருவரும், லின் என்ற சின்ன உருவப் பெண்ணும். லின் ஸ்பிரிங்வேலிலேயே பிறந்து வளர்ந்த வியட்நாம் பெண். வாசலில் வரிசையாக இருந்த செருப்புகளைக் கண்டு ஒரு நொடி தயங்கினாள், பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஈரச் சப்பாத்தோடு கம்பளத்தின் மேல் நடந்து வந்தாள். யோகாவின் கண் தன்னையறியாமல் அந்தச் சப்பாத்துக்குப் போனது. அடுத்த கிழமை முழுக்க ஆனந்தராஜா அந்தச் சேற்று அடையாளத்தைக் கழுவ விடவில்லை என்பது தனிக்கதை.

லின் நின்றபடி கேட்கவில்லை. நிலத்தில் முழங்கால் ஊன்றி, யோகாவின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்தாள்.

“யோகா, இன்று நீங்கள் விரதம் என்று சொல்கிறார். என் அம்மாவும் பௌர்ணமிக்கு அப்படித்தான், அவருடைய விரதத்தில் கைவைத்தால் என்னைத் துரத்துவார். ஆனால் நான் உங்களைப் பேசச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. பாவம் என்றால் அது எனக்கு. ஒருமுறை முயன்று பார்ப்பீர்களா?”

யோகா முயன்றாள். வரவில்லை. லின் அவளுடைய கன்னத்தைத் தொட்டு, “போதும், நல்லது, போதும்” என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் தன்னுடைய விரதத்திடம் அனுமதி கேட்டவள் இவள் ஒருத்திதான் என்று யோகாவுக்குத் தோன்றியது.

இரத்தத்தில் சீனி குறைந்தாலும் இப்படி வரலாமென்று, அதைப் பார்க்கத் தாடிக்காரர் விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். ஆனந்தராஜா அதை உன்னிப்பாகப் பார்த்தார்.

“மற்ற ஒன்பது விரலுமா?” என்றார்.

தாடிக்காரருக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கும். பாரிசவாதம் வந்தால் ஊசியால் பத்து விரலிலும் குத்தி இரத்தம் எடுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பொய்யை எங்கள் அங்கிள்மார் வருடம் இரண்டுமுறை அனுப்பாமல் விடமாட்டார்கள். தையல்காரி வீடு, திரும்பின பக்கமெல்லாம் ஊசி. அவர் அதில் கைவைத்து நேரத்தைக் கடத்தாமல் விட்டது நல்ல காலம்.

பிறகுதான் லின் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“கடைசியாக இவர் வழமைபோல இருந்ததை எப்போது கண்டீர்கள்? பேசியதை?”

ஆனந்தராஜா நேர்மையான மனிதர். “நேற்று இரவு பத்து மணி” என்றார்.

“இன்று காலை?”

“எழும்பும்போது சாமியறையில் இருந்தார். முதுகைத்தான் கண்டேன். பிறகு கொட்டகைக்குள் போய்விட்டேன். பன்னிரண்டுக்குக் கிட்ட வந்தபோது இந்தக் கதிரையில் இருந்தார். நான்தான் பேசாதே என்று…”

லின்னும் தாடிக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு மருந்து உண்டு. அது நேரத்தோடு கட்டுப்பட்ட மருந்து. தொடங்கி நாலு, நாலரை மணித்தியாலத்துக்குள் என்றால் தயங்காமல் போடுவார்கள். நேரம் தெரியாவிட்டால் மேற்கொண்டு பல சோதனைகள் பார்த்துத்தான் யோசிப்பார்கள், தலைக்குள் இரத்தம் கசிகிற ஆபத்து இருக்கிறது. எப்போது தொடங்கியதென்று யாரும் பார்க்காவிட்டால் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. நேற்று இரவு பத்து மணி என்றால் பதினாலு மணித்தியாலம் போய்விட்டது.

யோகாவுக்கு அந்த மருந்துக் கணக்குத் தெரியாது. ஆனால் நேற்று இரவு என்ற சொல் விளங்கியது, அவர்களுடைய முகமும் விளங்கியது. நேற்று இரவா? இன்று காலை நான் முழுகினேன், பூப் பறித்தேன், பூசணிக்காய் வெட்டினேன்! அவளுடைய நல்ல காலை முழுவதையும் அவர்கள் கணக்கில் சேர்க்காமல் தள்ளப் பார்க்கிறார்கள். தொண்டைக்குள் கத்தினாள். பிறகு வேலை செய்கிற ஒரே கையை, இடக்கையை, நீட்டி மேசைக்குக் கீழே காட்டினாள். காட்டிக்கொண்டே இருந்தாள்.

ஸ்ட்ரெச்சரை விரித்துக்கொண்டிருந்த லின் அதைக் கவனித்தாள். குனிந்து கைபேசியை எடுத்தாள். ஆனந்தராஜா திறந்து பார்த்தார்.

பதினொன்று ஆறுக்குக் கோயில் சமையல் குழுவுக்கு ஒரு செய்தி போயிருந்தது. பதினேழு வரி. வெள்ளிக்கிழமை அறுபது பேருக்குப் பூசணிக்காய்க் கறி வைப்பது பற்றி.

“இது ஒழுங்காக இருக்கிறதா? சொற்கள் சரியா?” என்று கேட்டாள் லின்.

ஆனந்தராஜா படித்தார். “இரண்டு பேரைத் திட்டியிருக்கிறார். ஒருவரைக் கடுகு போட்டதற்கு, ஒருவரைப் போடாததற்கு. முழுக்க ஒழுங்கு.”

அதற்குக் கீழே, அனுப்பாமல் நின்ற அடுத்த செய்தியில் இரண்டு சொல்தான் இருந்தது. பிறகு ஒரே எழுத்துத் திரும்பத் திரும்ப விழுந்து திரை நிரம்பியிருந்தது. தன் எழுதுகோலைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் பக்கத்தில் கிடந்த தையல் அடையாளப் பேனாவை எடுத்து, லின் தன் கையுறையின் மேலேயே பதினொன்று ஆறு என்று எழுதினாள்.

“அற்புதமான பெண்மணி நீங்கள்” என்றாள் யோகாவிடம். “இப்போது போவோம்.”

கிளேட்டன் பெரிய ஆஸ்பத்திரிவரை லின் அவளுடைய பக்கத்தில் இருந்தாள். போகிற வழியிலேயே பெயர், வயது, வலப்பக்கம், பேச்சு, குளிசை, பதினொன்று ஆறு என்று எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டாள். அதே நேரம் கையில் ஊசிக்குழாய் ஏற்றினாள். ஒவ்வொன்றும் செய்யும் முன் யோகாவிடம் சொல்லிவிட்டே செய்தாள், பதில் வராது என்று தெரிந்தும். வாய் மூடிப் படுத்திருந்த யோகாவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

வாசலில் டாக்டரும் தாதியும் காத்துக்கொண்டு நின்றார்கள். கட்டிலுக்குக்கூட மாற்றவில்லை. அதே ஸ்ட்ரெச்சரில் நேரே ஸ்கேன் அறை. இரத்தக் கசிவில்லை என்று கண்டதும் மருந்து ஏறியது. அப்போது மணி ஒன்று பத்து. தலைமாட்டில் நின்ற லின் ஒருமுறை தோளை அழுத்தினாள். அடுத்த தடவை யோகா கண்ணைத் திருப்பிப் பார்த்தபோது அவள் இல்லை. வேறு யாருக்கோ போய்விட்டாள்.

பின்னேரம், ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்குகிற நேரத்தில், கட்டிலருகே இருந்து ஆனந்தராஜா அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். யோகாவின் வாய் அசைந்தது.

“பூ… பூச… பூசணிக்காய்” என்றாள். “மேசை… யில.”

வெட்டினபடி கிடக்கிறதே, பழுதாகிவிடுமே என்ற கவலை. ஆனந்தராஜா அவளுடைய காலில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் மணியை அடித்துத் தாதியைக் கூப்பிட்டுவிட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வாய் திறந்தது, அம்மாளாச்சி சொன்ன சொல் தவறாதவள் என்று ஆனந்தராஜா சொல்லிக்கொண்டு திரிகிறார். டாக்டர்மார் மருந்து என்கிறார்கள். யோகா இரண்டுக்கும் ஆமென்று தலையாட்டுகிறாள். நன்றி சொல்வதில் கஞ்சத்தனம் பார்க்கிற ஆள் அவள் இல்லை.

எல்லாம் முழுதாகத் திரும்பவில்லை. வலக்கைப் பெருவிரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, ஊசியில் நூல் கோக்க இரண்டு தரம் முயல வேண்டும். பேச்சு மெதுவாகிவிட்டது. ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு வசனத்தின் நடுவில் நிற்பாள். கோயில் பெண்கள் இரக்கப்பட்டு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். அவளுக்கு வருகிற கோபம்! “நான்… சொல்லுறன். பொறுங்கோ” என்பாள். நாலு மாதத்தில் கடையைத் திறந்துவிட்டாள். இப்போது காற்சட்டைக் கரைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒருவரும் குறை சொல்வதில்லை.

இந்த வருடம் ஆடி நெருங்கியபோது வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. விரதமா, இல்லையா? ஆனந்தராஜா தொட்டால் சுடும் என்பதுபோல அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. யோகாதான் ஒரு நாள் சாமியறையால் வந்து சொன்னாள்.

“நான் அம்மாளோட… கதைச்சிட்டன். இருபத்திரண்டு வருசம் வாயை மூடினது… காணும், போதும். இனி அந்த நாளில கதைக்கிறதுதான்… நேர்த்தி. போய், நன்றி சொல்ல வேண்டிய ஆக்களுக்குச் சொல்லப்போறன்.”

“ஆருக்கு?”

“அந்தப் பிள்ளைக்கு.”

தர்ஷனா சிட்னியிலிருந்து ஆம்புலன்ஸ் சேவைக்குக் கடிதம் எழுதினாள். அவர்களும் தேடிப் பிடித்து, அந்தச் செவ்வாயே காலை லின் வேலை செய்கிற நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுடன் யோகா மூன்று கிழமை பாடுபட்டு ஆங்கிலத்தில் நாலு வசனம் மனப்பாடம் செய்தாள். ஒரு தகரம் நிறைய உழுந்து வடை. நல்ல நீலச் சேலை. அந்த வீட்டுச் சட்டைக்குப் பரிகாரம் செய்ய வேண்டுமே.

நிலையம் என்றால் இரண்டு வண்டி நிற்கிற ஒரு கொட்டகை, பின்னால் ஒரு சின்னச் சாப்பாட்டு அறை. லின்னும் தாடிக்காரரும் எழும்பி நின்றார்கள். நடந்து உள்ளே வந்த யோகாவைக் கண்டதும் லின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்களுக்கு ஒருபோதும் தெரிவதில்லை” என்றாள். “ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுவோம். பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள் பேசுகிறீர்களா என்று எத்தனை நாள் யோசித்திருக்கிறேன் தெரியுமா?”

யோகா மனப்பாட வசனத்தைத் தொடங்கினாள். இரண்டாவதிலேயே அதை விட்டுவிட்டாள். இவ்வளவு நல்ல காது நாலு கிடைத்திருக்கிறது, நாலு வசனத்தோடு நிறுத்தவா? கதிரையில் வசதியாக இருந்து, ஆடி மாதத்திலிருந்து, கொழும்பு அறையிலிருந்து, தபால்காரனிலிருந்து தொடங்கினாள். சொல் வராதபோது நின்றாள். அவர்கள் இருவரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. வடையைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறிப்போவதையும் பாராமல், அடுத்த சொல் வரும்வரை காத்திருந்தார்கள். ஆனந்தராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருடமாக அவள் பேச்சை யாரும் இப்படிக் காத்திருந்து கேட்டதில்லை.

கதை கதிரைக்கு வந்துவிட்டது. கை தூக்க முடியாமல், வாய் திறக்க முடியாமல், குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்த இடம். அவள் சொல்ல வந்ததே அதைத்தான். அதற்குப் பிறகுதான் நன்றி வருகிறது.

லின்னின் இடுப்பில் இருந்த அவசர அழைப்புக் கருவி ஒலித்தது. தாடிக்காரர் தன்னுடையதைப் பார்த்தார். ஓர் ஆண், எழுபது வயது, முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. இருவரும் அரைவாசி எழும்பினார்கள். ஆனாலும் லின் யோகாவின் கையை விடாமல், அந்த வசனத்தையாவது முடிக்கட்டும் என்று நின்றாள்.

யோகா நிறுத்தினாள். வாயில் இருந்த சொல்லை அப்படியே விட்டுவிட்டுத் தன் கையை உருவிக்கொண்டு, அவளைக் கதவுப்பக்கம் தள்ளினாள்.

“போ. போ, பிள்ளை. ஓடு!”

தமிழில்தான் சொன்னாள். லின் ஓடினாள். கொட்டகைக் கதவு எழுந்தது, வண்டி வெளியே போனது, சத்தம் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அறையில் மேசைமேல் கடித்த வடை இரண்டு கிடந்தது.

“என்னப்பா” என்றார் ஆனந்தராஜா. “கட்டின நாளில இருந்து நீர் ஒரு கதையைப் பாதியில விட்டு நான் கண்டதில்லை. அதுவும் முக்கியமான இடத்தில.”

யோகா வண்டி போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நேரம்… இருக்கப்பா” என்றாள். “அங்கை ஒராள்… கதிரையில இருக்குது.”